கைத்தொழிலைக் கற்போம், குலத்தொழிலாக்க விடமாட்டோம்

(கணினி வன்பொருள் பழுதுநீக்கம், நெட்வொர்க்கிங் பயிற்சி முடித்த இளைஞர்களிடையே மடத்துக்குளத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இதுபோன்ற நிகழ்ச்சிகளில் வழக்கமாக ஒரு பேச்சு பேசுவார்கள். தொழில் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான், உழைத்தால் உயரலாம், வாழ்த்துகள் என்று முடித்துவிடுவார்கள். வாழ்த்து எனக்கும் உண்டு. ஆனால், அதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்குப் பயன்படாது. உழைத்தால் உயரலாம் என்றால், கரும்புக் காட்டிலும் நெல் வயலிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்த நம் தாத்தா பாட்டிகள்தானே இந்த அமராவதிக் கரையில் பெரிய பணக்காரர்களாக இருந்திருக்க வேண்டும்?

நம் ஊரில் உழைப்புக்குக் குறைச்சல் இருந்ததே இல்லை. எந்த உழைப்பை யார் செய்ய வேண்டும் என்பதைத்தான் பிறப்பு முடிவு செய்தது. சாதி என்பது வேலையைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அல்ல, வேலை செய்கிறவர்களையே மேலும் கீழுமாகப் பிரித்து வைக்கும் ஏற்பாடு என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே விளக்கினார். எனவே நம் பிள்ளைகளுக்கு யாராவது தொழில் கற்றுக்கொடுக்கிறேன் என்று வந்தால், நன்றி சொல்வதற்கு முன்னால் நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்தத் தொழில் என் பிள்ளையை எதுவரைக்கும் கொண்டுபோகும்? மேலே ஏறுவதற்கு வழி இருக்கிறதா, இல்லை இங்கேயே உட்கார வைப்பதற்கா?

இரண்டு விதமான தொழிற்கல்வி

தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1953இல் முதலமைச்சராக இருந்த இராஜாஜி ஒரு தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான். மீதி நேரம் அப்பன் செய்யும் தொழிலைப் பார்த்துப் பழக வேண்டும். அப்பன் செருப்புத் தைத்தால் மகனும் செருப்புத் தைக்க வேண்டும், அப்பன் துணி வெளுத்தால் மகனும் துணி வெளுக்க வேண்டும். அப்படியானால் குமாஸ்தா மகனும் வக்கீல் மகனும்? அவர்கள் பட்டணத்தில் இருந்தார்கள். திட்டம் அவர்களைத் தொடவே இல்லை. தந்தை பெரியார் அதைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயர் சொல்லி அடையாளம் காட்டினார். தமிழ்நாடே கொந்தளித்தது. 1954இல் இராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் ஒழிந்தது.

இன்னொரு விதமான தொழிற்கல்வியும் உண்டு. 1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகச் சேர்ந்தார் அம்பேத்கர். அதே ஆண்டு அக்டோபரில் பட்டியல் மக்களின் குறைகளைத் தொகுத்து வைஸ்ராயிடம் ஒரு மனு கொடுத்தார். அதில் என்ன கேட்டார் தெரியுமா? நம் மாணவர்கள் அறிவியலும் தொழில்நுட்பமும் உயர்நிலை வரை படிப்பதற்கு அரசாங்க உதவித்தொகை கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளைத் தொழில் பழகுநர்களாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டார்.

இராஜாஜியும் தொழில் கற்கச் சொன்னார், அம்பேத்கரும் தொழில் கற்கச் சொன்னார். ஒருவர் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னார். இன்னொருவர் அப்பனை உள்ளேயே விடாத இடத்துத் தொழிலைக் கற்கச் சொன்னார்.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், இன்று வருகிற திட்டங்களையும் எளிதாக எடைபோடலாம். 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு 13,000 கோடி ரூபாயில் 'விஸ்வகர்மா' திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத்தில் வழிவழியாக வரும் 18 தொழில்களுக்குக் கடனும் பயிற்சியும் தருவார்களாம். வயது 18 ஆனால் போதும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில், "உன் குடும்பத் தொழில் என்ன? இந்தா கடன்" என்று கூப்பிடுகிற திட்டம் அது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்குங்கள், குறைந்தபட்ச வயதை 35 ஆக்குங்கள் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. அப்படி மாற்றாததால், இந்த வடிவத்தில் நடைமுறைப்படுத்த முடியாது என்று 2024 நவம்பரில் முதலமைச்சர் கடிதம் எழுதினார். பிறகு 2025இல் குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாமல், 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று 'கலைஞர் கைவினைத் திட்டம்' வந்தது.

அந்த 18 தொழில் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மீன்வலை பின்னுவது இருக்கிறது. நீங்கள் கற்ற கணினி வலையமைப்பு இல்லை. இருக்கவும் முடியாது. யாருடைய தாத்தாவும் ரூட்டர் அமைக்கவில்லையே!

இது யாருடைய குலத்தொழிலும் அல்ல

நான் இந்தத் தொழிலை மதிப்பதற்கு முதல் காரணமே அதுதான். கணினிப் பழுதுநீக்கத்துக்கு எந்தப் புராணமும் இல்லை. எந்தச் சாதியும் இது எங்கள் பரம்பரை உரிமை என்று சொல்ல முடியாது. எந்தச் சாதியையும் பார்த்து, நீ செய்ய வேண்டியது இதுதான் என்று சொல்லவும் முடியாது.

இரண்டாவது காரணம், இது கை வேலையா மூளை வேலையா என்று பிரிக்க முடியாத வேலை. மூளை வேலை மேலானது, கை வேலை கீழானது என்பதுதானே சாதியின் கணக்கு? ஒரு கணினி உயிர் பெறவில்லை என்று கொண்டுவந்து வைக்கிறார்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? மின்சாரம் வருகிறதா என்று பார்க்கிறீர்கள். பிறகு எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகக் கழற்றிச் சோதிக்கிறீர்கள். ராம் அட்டையை எடுத்துத் துடைத்து மறுபடி செருகிப் பார்க்கிறீர்கள். பீப் சத்தம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுகிறீர்கள். ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் காரணத்தைப் பிடிக்கிறீர்கள். கையும் மூளையும் ஒன்றாக வேலை செய்கின்றன.

இதற்குப் பெயர்தான் பகுத்தறிவு. யார் சொன்னாலும் நம்பாதே, சோதித்துப் பார் என்று பெரியார் சொன்னதை, உங்கள் மேசையில் ஒரு மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு தினமும் செய்யப்போகிறீர்கள். ஆயுத பூஜை அன்று மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, யு.பி.எஸ். மேல் எலுமிச்சம்பழம் வைக்கிற கடைகள் உண்டு. பேட்டரி போனால் எலுமிச்சம்பழம் மாற்றினால் சரியாகுமா, பேட்டரியை மாற்றினால் சரியாகுமா என்று அவர்களுக்கும் தெரியும்!

சாதி எந்த வாசல் வழியாக வருகிறது?

தொழிலுக்குச் சாதி இல்லை என்றால் தொழில் செய்கிற இடத்திலும் சாதி இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். இருபது ஆண்டுகளாக உடுமலைக்கும் பழனிக்கும் நடுவில் இந்த வேலையைச் செய்கிறேன். ஸ்க்ரூடிரைவர் என் சாதியைக் கேட்டதில்லை. ஸ்க்ரூடிரைவரோடு நான் போன வீடு கேட்டிருக்கிறது.

பழுது பார்க்க வீட்டுக்குப் போனால் முதல் கேள்வி கணினியைப் பற்றி வராது. "எந்த ஊருங்க தம்பி? யாரு ஊட்டுப் பையன்?" என்று வரும். ஊர்ப் பெயரைச் சொன்னால் "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று அடுத்த கேள்வி வரும். ஒரு வீட்டில் கணினி இருந்தது உள் அறையில். என்னை உள்ளே விட மனமில்லை. சி.பி.யு.வைத் தூக்கிக்கொண்டு வந்து திண்ணையில் வைத்தார்கள். கோளாறு பெட்டியில் இல்லை, உள் அறைக்குப் போகிற நெட்வொர்க் கேபிளில் இருந்தது. திண்ணையில் உட்கார்ந்துகொண்டு உள் அறையில் இருக்கும் கேபிளை எப்படிச் சரிசெய்வது? அன்று அந்த வீட்டில் இன்டர்நெட் வரவில்லை. அவர்களுடைய தீட்டு அவர்களுடைய இணைப்பையே அறுத்துப்போட்டது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சிரிப்பு வராது.

இரண்டாவது வாசல் கடை. மெயின் ரோட்டில் கடை கேட்டால், அட்வான்ஸ் எவ்வளவு என்று நாம் கேட்பதற்கு முன்னால் "நீங்க யாருங்க?" என்று அவர்கள் கேட்கிறார்கள். மெயின் ரோட்டில் கடை இல்லாவிட்டால், நம் கடையைத் தேடி காலனிக்குள் யார் வருவார்கள்?

மூன்றாவது வாசல் முதலீடு. உதிரிபாகம் விற்கிற மொத்தக் கடைகளில் கடன் என்பது பழக்கத்தில் ஓடுகிறது. மாமன், மச்சான், சொந்த ஊர்க்காரர் என்றால் சரக்கைத் தூக்கிக் கொடுத்து மாதக் கடைசியில் பணம் வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் இல்லாதவன் ஒவ்வொரு ஹார்டு டிஸ்க்குக்கும் ரொக்கம் வைக்க வேண்டும். கணினி நெட்வொர்க் நமக்குத் தெரியும். சாதி நெட்வொர்க்கில் நமக்கு இணைப்பு இல்லை. இரண்டு பேருக்கும் திறமை சமமாக இருந்தாலும் ஒருவன் கடை வளர்கிறது, இன்னொருவன் கடை மூடப்படுகிறது என்றால் காரணம் இங்கே இருக்கிறது.

கொஞ்சம் தள்ளி நின்று, ஒரு கணினியின் வாழ்க்கையை முதலில் இருந்து கடைசி வரை பாருங்கள். அதை வடிவமைத்து அதற்கு மென்பொருள் எழுதுகிற குளிரூட்டப்பட்ட அறையில் பெரும்பாலும் யார் இருக்கிறார்கள்? விற்கிற ஷோரூமின் முதலாளி யார்? கழற்றிப் பழுது பார்க்கிறவர் யார்? கடைசியில் அது குப்பையாகி, கேபிளைக் கொளுத்திச் செம்பு எடுக்கிற இடத்தில் அந்தப் புகையைச் சுவாசிப்பவர் யார்? ஒரே இயந்திரத்துக்குள் நம் சமூகத்தின் படிக்கட்டு முழுவதும் இருக்கிறது. நம் பிள்ளைகள் பழுது பார்க்கிற படியில் ஏறியிருப்பது முன்னேற்றம்தான். அந்தப் படியோடு கதவைச் சாத்திவிட்டால், முப்பது ஆண்டுகளில் இதுவும் ஒரு குலத்தொழில் ஆகிவிடும். மென்பொருள் அவர்களுக்கு, ஸ்க்ரூடிரைவர் நமக்கு என்று ஆகிவிடும்.

படிப்பு மட்டும் போதுமா?

நன்றாகப் படித்துவிட்டால் சாதி தானாகப் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அதை வேறு எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம், இந்த மடத்துக்குளம் வட்டத்தில் நின்று சொல்ல முடியாது. இதோ பக்கத்தில் குமரலிங்கம். அந்த ஊர்ப் பையன் சங்கர் பொறியியல் படித்தவர்தான். இறுதியாண்டு மாணவர். தான் விரும்பிய பெண்ணைத் திருமணம் செய்துகொண்டதற்காக, 2016 மார்ச் 13 அன்று, பட்டப்பகலில், உடுமலைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே வெட்டிக் கொன்றார்கள். அவர் என்ன படித்தார் என்று அரிவாள் பார்க்கவில்லை.

உள்ளூரை விட்டுப் போய்விட்டால்? நெட்வொர்க்கிங் படித்த உங்களுக்கு சிஸ்கோ என்ற பெயரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ரூட்டர், ஸ்விட்ச் செய்யும் அமெரிக்க நிறுவனம். 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசுத் துறையே அந்த நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தது. ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த இந்திய மேலாளர்கள் ஒரு தலித் பொறியாளரைச் சாதியின் பெயரால் பாகுபடுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தது. அந்த இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கை 2023இல் அரசுத் துறையே திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. வழக்கின் போக்கு எப்படி இருந்தாலும், அது ஒரு விவாதத்தைத் திறந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றியது.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்துவதற்கு அல்ல. திறமையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அமைப்பைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று சொல்வதற்கு. தனி ஆளாக ஏறினால் தனி ஆளாகத்தான் தள்ளிவிடுவார்கள்.

தங்கைகளுக்கு

இந்தப் பயிற்சியில் தங்கைகள் இருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இந்த வட்டாரத்தில் பத்தாம் வகுப்போடு நின்ற பெண்பிள்ளைக்கு முதலில் வந்து கதவைத் தட்டுவது மில் ஏஜென்ட்தான். மூன்று ஆண்டு மில் ஹாஸ்டலில் இரு, முடிவில் மொத்தமாகக் கல்யாணத்துக்குப் பணம் தருகிறோம் என்று கூட்டிப்போனார்களே, 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் வைத்து! திருமண ஆசையைக் காட்டி, பிள்ளைகளின் உழைப்பை மலிவாக வாங்கினார்கள். வெளியே போக முடியாது, விடுப்பு கிடையாது, உடம்பு முடியாமல் நடுவில் நின்றால் அந்த மொத்தப் பணமும் கைக்கு வராது. அங்கே போனவர்களில் மிகப் பலர் நம் காலனிப் பிள்ளைகள்.

பெண்ணுக்கு ஹார்டுவேர் வராது என்பார்கள். பஞ்சாலையில் நூல் அறுந்தால் ஓடும் இயந்திரத்தில் நொடியில் முடிச்சுப் போடுகிற விரல்களுக்கு, எட்டுக் கம்பியை நிற வரிசைப்படி அடுக்கி கிரிம்பிங் செய்ய வராதா? 1980லேயே தஞ்சை வல்லத்தில் பெரியார் பெயரில் பெண்களுக்கென்றே பாலிடெக்னிக் தொடங்கிய மண் இது. பனியன் கம்பெனிகளிலும் மில்களிலும் இன்று கேமராவும் விரல்ரேகை வருகைப் பதிவும் பார்கோடும் கணினி வலையமைப்பும் இல்லாத இடம் இல்லை. அந்த வாசலுக்குள் தறியோடு கட்டுப்பட்டவர்களாக அல்ல, தொழில்நுட்பம் தெரிந்தவர்களாக நுழையுங்கள்.

அடுத்த படி எது?

இனி நடைமுறைக்கு வருகிறேன். இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே நீங்கள் முடித்திருப்பது குறுகிய காலப் பயிற்சி. இது கதவைத் திறக்கும், நெடுந்தூரம் கொண்டுபோகாது. அரசு ஐ.டி.ஐ.யில் சேருங்கள். அங்கே கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பாடநூல், பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்திருந்தால், பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

சேரும்போது ஒன்றைக் கவனியுங்கள். கணினி வன்பொருள், நெட்வொர்க் பராமரிப்பு என்ற பிரிவு ஓராண்டுப் படிப்பு. தகவல் தொடர்பு தொழில்நுட்ப அமைப்புப் பராமரிப்பு என்ற பிரிவு ஈராண்டுப் படிப்பு. பெயர் ஒரே மாதிரி இருக்கிறது, ஓராண்டு என்றால் சீக்கிரம் சம்பாதிக்கலாம் என்று போய்விடாதீர்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்து மொழிப்பாடத் தேர்வுகளை எழுதித் தேறினால், பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றிதழ் கிடைக்கும். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தால் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டு. ஸ்க்ரூடிரைவரில் தொடங்கி பொறியாளர் வரை ஒரு படிக்கட்டு இருக்கிறது. அந்த ஓர் ஆண்டைச் சேமிக்கப் போய் முழுப் படிக்கட்டையும் இழந்துவிடக் கூடாது.

கடை வைக்க நினைப்பவர்கள் வட்டிக்காரரிடம் போவதற்கு முன்னால் தாட்கோ அலுவலகத்துக்குப் போங்கள். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் தொழில் தொடங்க 'அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்' 2023 முதல் இருக்கிறது. 35 விழுக்காடு மானியமும் வட்டிச் சலுகையும் உண்டு. அதற்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுக வேண்டும். தனியாக முடியாதவர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கடை வையுங்கள். ஒருவர் பிரிண்டர், ஒருவர் கேமரா, ஒருவர் நெட்வொர்க், ஒருவர் கணக்கு. சாதி நெட்வொர்க் இல்லாதவர்களுக்கு நாமே அமைத்துக்கொள்ளும் நெட்வொர்க் அது.

நாம் சேர்ந்து கேட்க வேண்டியதும் இருக்கிறது. 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாயில் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அரசு நவீனப்படுத்தியது. நல்லது. அந்த நவீனப் பிரிவுகளில் நம் பிள்ளைகளுக்கு உரிய இடங்கள் நிரம்புகின்றனவா, காலியாகக் கிடக்கின்றனவா என்று கேட்போம். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோகும் திட்டம் இருக்கிறது. அந்தக் கேபிள் ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிடுகிறதா, காலனிக்கும் வருகிறதா என்று கேட்போம். தண்ணீர்க் குழாயும் தார்ச்சாலையும் எங்கே வந்து நின்றன என்பதைப் பார்த்தவர்கள் நாம். கேபிளும் அங்கேயே நிற்க விடக்கூடாது. அதை இழுத்து இணைக்கிற வேலையும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே கிடைக்க வேண்டும் என்று கேட்போம். இப்போது அந்த வேலை தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள்.

1940களில் 'இனிவரும் உலகம்' பற்றிப் பேசிய பெரியார், ஆளுக்கொரு கம்பியில்லாச் சாதனம் இருக்கும், தூரத்தில் இருப்பவர்கள் முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள் என்று சொன்னார். அது வந்துவிட்டது, உங்கள் பையில் இருக்கிறது. இழிவான வேலை என்று எதுவும் இருக்காது, அதைச் செய்யப் பிறந்தவர்கள் என்று யாரும் இருக்க மாட்டார்கள் என்றும் அவர் கனவு கண்டார். அது இன்னும் வரவில்லை. முதல் பாதியை விஞ்ஞானிகள் முடித்துவிட்டார்கள், இரண்டாவது பாதி நம் வேலை.

நீங்கள் ஒவ்வொருவரும் அடுத்த ஆண்டுக்குள் இன்னொருவருக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுங்கள். கற்றுக்கொடுக்கும்போது சாதி பார்க்காதீர்கள். ஒரு தொழிலைக் குலத்துக்குள் பூட்டி வைப்பது அவர்களுடைய பழக்கம். திறந்துவிடுவது நம்முடைய பழக்கமாக இருக்கட்டும்.

ஜெய்பீம்!